சிப்பி லார்வாவுக்குப் பாசி வளர்த்துப் பட்ட பாடு

சிப்பிக் குஞ்சு உற்பத்தி செய்யும் ஹேட்சரி நடத்தப் பயிற்சிக்குப் போனபோது, தாய்ச்சிப்பியைத் தேர்ந்தெடுப்பது, தண்ணீரின் வெப்பத்தை ஏற்றி இறக்கி முட்டையிட வைப்பது, முட்டையிலிருந்து வரும் லார்வாவைச் சல்லடையில் வடித்துத் தரம் பிரிப்பது எல்லாவற்றையும் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பாசி அறையை மட்டும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்க வைத்துக் காட்டினார்கள். உள்ளே ஆள் போனால் தொற்று வந்துவிடும் என்றார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் பிறகு சொந்தமாக ஹேட்சரி போட்டபோது என் பணமும் தூக்கமும் போனது அந்தக் கதவுக்கு உள்ளே நடக்கும் வேலையில்தான். ஹேட்சரி என்று பெயர் வைத்து நான் நடத்தியது ஒரு பாசிப் பண்ணை. அதன் ஓரத்தில் கொஞ்சம் லார்வாவும் இருந்தது என்று சொன்னால் சரியாக இருக்கும். உதவிக்கு ஆள் கிடையாது, கேட்பதற்குப் பக்கத்தில் யாரும் கிடையாது. அந்த சீசனுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல் தொலைந்தது. அதே வழியில் இறங்கப் போகிறவர்களுக்கு ஆகட்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஏன் இவ்வளவு நெருக்கடி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முட்டை கருவுற்று ஏறக்குறைய ஒரு நாளில் ஆங்கில 'டி' எழுத்து வடிவில் ஓடு வந்துவிடும். அதிலிருந்து லார்வாவுக்குத் தீனி வேண்டும். ஒட்டி உட்காரும் பருவம் வரும்வரை, இரண்டு மூன்று வாரத்துக்கு, ஒரு நாளும் தவறாமல் வேண்டும். மீனுக்குத் தூள் தீவனம் போடுகிற மாதிரி இதற்கு எதையாவது போட்டுச் சமாளிக்க முடியாது. தண்ணீரில் மிதக்கும் ஒற்றைச் செல் பாசியை வடிகட்டித் தின்னும் உயிர் அது. பாசியோ, கேட்டவுடன் வந்து நிற்காது. சோதனைக் குழாயில் உள்ள தாய் வித்தைக் குடுவைக்கு மாற்றி, குடுவையிலிருந்து சில லிட்டர் ஜாடிக்கு, அங்கிருந்து கார்பாய் என்ற 20 லிட்டர் பெரிய பாட்டிலுக்கு, பிறகு பெரிய பைக்கு என்று ஏற்றிக்கொண்டு வர வாரக்கணக்கில் ஆகும். இடையில் ஒரு படி சறுக்கினால் லார்வா காத்திருக்காது. ஒரு சிப்பி ஹேட்சரியின் நடப்புச் செலவில் சுமார் 30 சதவீதம் பாசிக்கே போகும் என்று துறையில் பொதுவாகச் சொல்வார்கள். என்னைப் போல் சிறிய அளவில் தொடங்குகிறவருக்கு அது கூடத்தான் செய்யும், குறையாது.

எந்தப் பாசி என்பதில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "நானோகுளோராப்சிஸ் போடுங்க, சாகவே சாகாது" என்று இறால், மீன் ஹேட்சரிக்காரர்கள் சொன்னார்கள். சாகாதுதான். ஆனால் அதன் செல் சுவர் தடிமன். சிப்பி லார்வாவால் அதைச் சரியாகச் செரிக்க முடியாது. வயிறு பச்சையாகத் தெரியும், வளர்ச்சி இருக்காது. குளோரெல்லாவும் அதே கதை. வளர்ப்பதற்குச் சுலபமான பாசியும் லார்வாவுக்கு ஏற்ற பாசியும் பெரும்பாலும் வேறு வேறு என்பதை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். லார்வாவின் வாய்க்குள் போக வேண்டுமென்றால் செல் 10 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும், சுவர் மெல்லியதாக இருக்க வேண்டும், டிஎச்ஏ, இபிஏ ஆகிய கொழுப்பு அமிலங்கள் இருக்க வேண்டும். ஐசோகிரைசிஸ், பாவ்லோவா இரண்டும் டிஎச்ஏவுக்குப் பேர் போனவை. கீட்டோசெரோஸ் கால்சிட்ரான்ஸ் என்ற சிறு டயட்டம் (சிலிக்கா ஓடு கொண்ட பாசி வகை) இபிஏ தரும். ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட ஐசோகிரைசிஸையும் ஒரு கீட்டோசெரோஸையும் கலந்து கொடுத்தால் வளர்ச்சி கண்கூடாக மாறும். டெட்ராசெல்மிஸ் பெரிய செல், நன்றாக நீந்தும், முரட்டுப் பிள்ளை. ஆனால் அது வளர்ந்த லார்வாவுக்கும் ஒட்டிய குஞ்சுக்கும்தான். ஐசோகிரைசிஸில் 'டி-ஐசோ' என்று அழைக்கப்படும் தஹிதித் தீவு வகை வெப்பத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். 2013இல் அதற்கு டைசோகிரைசிஸ் லூட்டியா என்று புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். விற்பவர்கள் இன்னும் பழைய பெயரில்தான் விற்கிறார்கள், குழம்ப வேண்டாம்.

உர ஊடகம் விஷயத்தில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. குய்லார்ட் என்பவர் வகுத்த எஃப் பை 2 கலவைதான் எல்லோரும் பயன்படுத்துவது. லிட்டருக்கு 75 மில்லிகிராம் சோடியம் நைட்ரேட், 5 மில்லிகிராம் சோடியம் பாஸ்பேட், நுண்ணுலோகங்கள், பி12, பயோட்டின், தயமின் என்ற மூன்று வைட்டமின்கள். டயட்டம் வளர்த்தால் கூடவே 30 மில்லிகிராம் சோடியம் சிலிகேட் வேண்டும். ஐசோகிரைசிஸுக்கு அது தேவையில்லை. சிலிகேட்டைக் கடைசியில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் வெண்மையாகத் திரண்டு படிந்துவிடும். வைட்டமினை ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலத்தில்) வைக்காமல் 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, ஆறிய பிறகு சேர்ப்பது நல்லது. பார்த்துப் பார்த்து வாங்க வேண்டியது உப்புகளை அல்ல. காற்று வடிகட்டி, மைக்ராஸ்கோப், குளோரின் சோதனைக் கிட், இந்த மூன்றையும்தான்.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சிறு குடுவைகளுக்கு ஆட்டோகிளேவ் போதும். 121 டிகிரியில் இருபது நிமிடம். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காமல் ஆறவிட்டு, ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்துங்கள். கொதித்த கடல்நீரில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறியிருக்கும், அது திரும்ப இறங்க நேரம் வேண்டும். கார்பாயும் பையும் ஆட்டோகிளேவுக்குள் போகாது, அதற்குக் குளோரின்தான். 1 மைக்ரான் வரை வடிகட்டிய கடல்நீரில், 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்றால் லிட்டருக்கு அரை மில்லி விட்டால் 25 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். இரவு முழுக்கக் காற்று விடாமல் வைத்து, காலையில் சோடியம் தயோசல்பேட் போட்டு முறிக்க வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஹைப்போகுளோரைட் கேன் வெயிலிலும் சூட்டிலும் இருந்தால் வீரியம் இழந்துவிடும். கேனில் ஒட்டிய சீட்டில் இருக்கும் சதவீதம் கேனுக்குள் இருக்காது. அதனால் கணக்குப் போட்டு ஊற்றிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது; ஊற்றிய பிறகு குளோரின் இருக்கிறதா என்று ஒரு முறை சோதிக்க வேண்டும், முறித்த பிறகு கொஞ்சமும் இல்லை என்று இன்னொரு முறை சோதிக்க வேண்டும். மிச்சக் குளோரின் துளி இருந்தாலும் ஐசோகிரைசிஸ் மறுநாளே வெளுத்துவிடும்.

சரி, முதல் அடி எப்போது விழுந்தது என்று சொல்கிறேன். லார்வா தொட்டியில் விட்டு முதல் வாரம் முடியும் நேரம். வயிற்றில் பொன்னிறத் தீனி தெரிய, மைக்ராஸ்கோப்பின் கீழே சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தன. அன்று மாலை ஐசோகிரைசிஸ் கார்பாய்கள் எல்லாம் அருமையான பழுப்புப் பொன் நிறத்தில் இருந்தன. காலையில் பார்த்தால் பாதி கார்பாய்கள் வெளிறிப்போய், மேலே நுரை கட்டி, அடியில் சேறு மாதிரி படிந்து கிடந்தன. ஒரு துளி எடுத்துப் பார்த்தேன். பாசிச் செல்லைவிடப் பல மடங்கு பெரிய சிலியேட்டுகள் என்ற நுண்ணுயிர்கள், வயிறு முழுக்கப் பாசியைத் தின்றுவிட்டுத் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தன. கையெல்லாம் நடுங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். லார்வாவுக்கு அன்றைய தீனி இருந்தது, மறுநாளைக்கு இல்லை.

எங்கிருந்து வந்தது என்று தேடினேன். தண்ணீரில் இல்லை, வித்திலும் இல்லை. காற்றுக் குழாயில் இருந்தது. காற்று ஊதும் இயந்திரத்திலிருந்து வரும் காற்று சூடாக வரும். குளிர்ந்த அறைக்குள் வந்ததும் குழாயினுள் ஈரம் வேர்க்கும். அந்த ஈரம் வடிகட்டியை நனைத்து, குழாயின் உள்சுவரில் வழவழவென்று படலம் கட்டியிருந்தது. மின்சாரம் போய்க் காற்று நின்றபோது ஒரு கார்பாயின் தண்ணீர் குழாய் வழியாகப் பின்னால் ஏறி, காற்று திரும்ப வந்ததும் அடுத்த கார்பாய்களுக்கும் சேர்த்துப் பரிமாறியிருக்கிறது. அறையில் உள்ள எல்லாக் கார்பாயும் ஒரே குழாயில் தொங்கினால் ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கார்பாய்க்கும் தனி வடிகட்டி, தனி ஒருவழி வால்வு வைத்தேன். காற்றுக் குழாயை கார்பாய்களின் நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுபோனேன். பிரதானக் குழாயின் தாழ்ந்த இடத்தில் ஈரத்தை வடிக்க ஒரு குழாய்த் திறப்பு வைத்தேன். செலவு அதிகமில்லை. ஒரு முறை கார்பாய்கள் கெட்டுப்போவதில் ஆகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் அது கணக்கிலேயே வராது.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், விதைக்கும் அளவு. பெரிய கார்பாயில் கொஞ்சூண்டு வித்தை விட்டு "தானாக வளரட்டும்" என்று இருந்தால், பாசி சுதாரித்து எழுவதற்குள் வேறு ஏதாவது முந்திக்கொள்ளும். புதிய தண்ணீரின் அளவில் 10 முதல் 20 சதவீதம் வித்து விட வேண்டும். அதுவும் வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் கட்டத்தில் உள்ள வித்தாக இருக்க வேண்டும். கிழடு தட்டிய கல்ச்சரிலிருந்து (வளர்த்து வைத்த பாசியிலிருந்து) விதைத்தால் இரண்டு மூன்று நாள் அப்படியே முழித்துக்கொண்டிருக்கும்.

கெட்டுப்போவதற்கு முன் அறிகுறி தெரியாதா என்று கேட்கலாம். நிறத்தில் தெரியாது. ஆகக் கடைசியில் மாறுவது நிறம்தான். ஐசோகிரைசிஸ் நீந்தும் பாசி. மைக்ராஸ்கோப்பில் ஓடிக்கொண்டிருந்தால் நலம், நின்றுபோய் உருண்டையாக இருந்தால் ஏதோ நடக்கிறது. செல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டிக்கொள்வது, காற்று விட்டும் அடியில் படிவது, கார்பாய்ச் சுவரில் கோடு விழுவது, வாசனை மாறுவது, பிஎச் 9ஐத் தாண்டுவது, இவை எல்லாம் நிறத்துக்கு முன்பே வரும். பிஎச் ஏறுவதென்றால் பாசிக்குக் கார்பன் டை ஆக்சைடு போதவில்லை என்று பொருள். காற்றோடு ஒன்று இரண்டு சதவீதம் கலந்து விட்டால் இறங்கிவிடும். காலையில் எழுந்ததும் வேறு எந்த வேலைக்கும் முன்னால் ஒவ்வொரு கார்பாயிலிருந்தும் ஒரு துளி எடுத்துப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். லார்வாவைத் தொட்ட கையோடு பாசி அறைக்குள் போவதையும் நிறுத்தினேன். போக்கு எப்போதும் பாசியிலிருந்து லார்வா பக்கம்தான்.

கல்ச்சர் போன அன்று எனக்கு இருந்த ஒரே வழி, செறிவாக்கிய பாசியை விலைக்கு வாங்குவது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றித் தண்ணீரைப் பிரித்து, கூழாக பாட்டிலில் அடைத்து விற்பார்கள். ஒரு விற்பனையாளரிடம் அவசரம் என்று சொல்லி, கேட்ட விலையைக் கொடுத்து வரவழைத்தேன். பெட்டியைத் திறந்தபோது பாட்டில் ஐஸ் கட்டியோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. ஓரத்தில் உறைந்து, நடுவில் கூழாக இருந்தது. தொலைபேசியில் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க, குலுக்கிட்டுப் போடுங்க" என்றார். நிறம் நன்றாக இருந்தது. எண்ணிப் பார்த்தால் செல்களும் இருந்தன. மறுநாளைக்குத் தீனி வேறு இல்லை. போட்டேன்.

முதல் நாள் தெரியவில்லை. இரண்டாம் நாள் தொட்டித் தண்ணீர் கலங்கலாகி மேலே மெல்லிய நுரை. லார்வா மேலே வராமல் அடியில் குவிய ஆரம்பித்தன. வயிறு வெளிறியிருந்தது, ஓட்டுக்குள் சிலியேட்டுகள் புகுந்து தின்றுகொண்டிருந்தன. தண்ணீர் மாற்றினேன், சல்லடையில் வடித்துப் பிழைத்ததைப் பிரித்தேன், ஒன்றும் எடுபடவில்லை. மொத்தத் தொகுதியையும் வெளுப்பு ஊற்றி வடிகாலில் விட வேண்டியதாயிற்று. போனது லார்வா மட்டும் என்றால் பரவாயில்லை. தாய்ச்சிப்பிகளை அடுத்த முட்டைக்குத் தயார்ப்படுத்த ஆறு முதல் எட்டு வாரம் தீனி போட்டுப் பக்குவப்படுத்த வேண்டும், அதற்கும் பாசிதான் வேண்டும். குஞ்சு வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த நாட்களில் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. போனை எடுக்கவே பயமாக இருந்தது.

பிறகுதான் உறைந்தால் என்ன ஆகிறது என்று புரிந்துகொண்டேன். செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் ஐஸ் ஊசிகளாக மாறிச் செல்லின் தோலைக் கிழித்துவிடும். ஐசோகிரைசிஸுக்கும் பாவ்லோவாவுக்கும் கெட்டியான சுவரே கிடையாது. உருகியதும் உள்ளே இருந்த சத்தெல்லாம் தண்ணீரில் கரைந்துவிடும். லார்வாவால் கரைந்த சத்தை வடிகட்டித் தின்ன முடியாது, பாக்டீரியாவால் முடியும். ஆக நான் தொட்டியில் ஊற்றியது லார்வாவுக்கான தீனியாக இல்லாமல் பாக்டீரியாவுக்கான உரமாக ஆகிவிட்டது. நிறமி அப்படியே இருக்கும், அதனால் நிறம் மாறாது. கிழிந்த செல்லின் கூடும் எண்ணும்போது ஒரு செல்லாகவே தெரியும். வித்துப் பாசியை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வருடக்கணக்கில் வைக்கும் முறை இருக்கிறதே என்று கேட்கலாம். அதற்கு உறை பாதுகாப்பு மருந்து சேர்த்து, படிப்படியாகக் குளிரவைக்க வேண்டும். வீட்டு ஃப்ரீசரில் பாட்டிலை வைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதற்குப் பிறகு வெளியிலிருந்து வந்தாலும் சரி, நானே சேமித்ததாக இருந்தாலும் சரி, கூழைத் தொட்டியில் ஊற்றுவதற்கு முன் சில சோதனைகள் செய்கிறேன். ஒரு துளியை வடிகட்டிய கடல்நீரில் கரைத்துப் பார்ப்பேன். நீந்தும் பாசி என்றால் சில நிமிடத்தில் கொஞ்சமாவது அசைய வேண்டும். டயட்டம் அசையாது, அதற்கு ஈவன்ஸ் நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டால் செத்த செல் நீலமாகிவிடும், உயிருள்ளது ஆகாது. கரைத்த தண்ணீரைச் சிறிது நேரம் அசையாமல் வைத்து மேலே தெளியும் நீரைப் பார்ப்பேன். அது பழுப்பாகவோ பச்சையாகவோ சாயம் இறங்கியிருந்தால் செல் உடைந்திருக்கிறது. கடைசியாக, ஒரு பீக்கரில் கொஞ்சம் லார்வாவை எடுத்து அதற்கு மட்டும் கொடுத்து ஓர் இரவு விடுவேன். காலையில் வயிறு நிறைந்து நீந்தினால்தான் தொட்டிக்குப் போகும். ஓர் இரவு தாமதம் என்பது அப்போது பெரிதாகத் தெரியும். ஆனால் அந்த இரவு முழுக்க லார்வா பட்டினி கிடப்பது, கெட்ட கூழைத் தின்பதைவிட மேல்.

இப்போது சேமிப்பு. பாசியைக் கூழாக்குவதற்கு சென்ட்ரிஃபியூஜ் வாங்க எனக்கு வசதி இல்லை. வாங்குகிறவர்களும் வேகத்தைக் கூட்டிச் சுற்றினால் ஐசோகிரைசிஸ் நசுங்கிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நான் செய்வது பிஎச் முறை. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை மெல்ல விட்டு பிஎச்சை 10க்குச் சற்று மேலே ஏற்றினால், கடல்நீரில் உள்ள மக்னீசியம் ஹைட்ராக்சைடாகத் திரண்டு பாசியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அடியில் படியும். பார்ப்பதற்குத் திரிந்த பால் போல இருக்கும். மேலே உள்ள தெளிந்த நீரை இறக்கிவிட்டு, நீர்த்த அமிலத்தால் பிஎச்சைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் பாசி திரும்பக் கரையும். டயட்டத்துக்கு இது நன்றாகவே ஒத்துவருகிறது. ஐசோகிரைசிஸுக்கு எனக்குத் திருப்தியாக வரவில்லை, அதனால் அதைச் சேமிக்கும் ஆசையையே விட்டுவிட்டேன். கீட்டோசெரோஸிலும் ஒரு தொல்லை உண்டு: அதன் முள் போன்ற இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கட்டியாகிவிடும். கரைத்த பிறகு 20 மைக்ரான் வலையில் வடித்துத்தான் கொடுக்க வேண்டும். வடிக்காமல் விட்டால் கட்டிகள் அடியில் படிந்து அழுகும்.

கூழை ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில், இருட்டில் வைக்க வேண்டும். குளிர்காற்று வரும் துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்; அங்கே தண்ணீர் உறையும். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள், எண் காட்டும் பொத்தானை நம்ப வேண்டாம். பாசி இருட்டிலும் சுவாசிக்கும், பாட்டிலை நிரப்பி இறுக்கி மூடினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். அகலமான பாத்திரத்தில் ஆழமில்லாமல் ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து, தினமும் ஒரு முறை மெதுவாகக் கலக்கிவிட வேண்டும். டெட்ராசெல்மிஸும் டயட்டங்களும் இப்படிச் சில வாரம் தாங்கும். ஐசோகிரைசிஸும் பாவ்லோவாவும் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு. பதப்படுத்தும் பொருள் சேர்த்துக் கடையில் விற்கும் கூழ்கள் மாதக்கணக்கில் இருக்கும், அவை வேறு. எவ்வளவு நன்றாகச் சேமித்தாலும் லார்வாவின் தீனியில் பாதிக்கு மேல் கூழாகக் கொடுப்பதில்லை என்று நான் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். முதல் வாரத்தில் கூழே கிடையாது.

எண்ணுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கூடக் கொடுப்பதும் கொல்லும். ஹீமோசைட்டோமீட்டர் என்ற, கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடியின் ஒரு மில்லிமீட்டர் சதுரத்தில் உள்ள செல்களை எண்ணி 10,000ஆல் பெருக்கினால் ஒரு மில்லியில் உள்ள எண்ணிக்கை. நீந்தும் பாசியை எண்ணுவதற்கு முன் லூகால் அயோடின் ஒரு சொட்டு விட்டு நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் எண்ணியதையே திரும்ப எண்ணிக்கொண்டிருப்பீர்கள். 'டி' நிலை லார்வாவுக்கு ஒரு மில்லி தண்ணீருக்கு 5,000 முதல் 10,000 ஐசோகிரைசிஸ் செல் என்று ஆரம்பித்து, வளர வளர ஏற்றுவேன். 1,000 லிட்டர் தொட்டியில் மில்லிக்கு 20,000 வேண்டும், கார்பாயில் மில்லிக்கு 40 லட்சம் இருக்கிறது என்றால் 5 லிட்டர் ஊற்ற வேண்டும். கலந்து கொடுக்கும்போது எண்ணிக்கையை அப்படியே மாற்றக் கூடாது. ஒரு டெட்ராசெல்மிஸ் பத்து ஐசோகிரைசிஸுக்குச் சமம். ஒரு ஐசோகிரைசிஸ் கீட்டோசெரோஸ் கால்சிட்ரான்ஸ் இரண்டேகாலுக்குச் சமம். அடுத்த வேளை தீனி போடும் முன் தொட்டித் தண்ணீரையும் எண்ணிப் பாருங்கள். முந்தைய தீனி மிச்சமிருந்தால் குறைத்துக் கொடுக்க வேண்டும். மிச்சமே இருந்துகொண்டிருந்தால் லார்வாவுக்குத்தான் ஏதோ உடம்பு சரியில்லை.

அறுவடைக்கு நேரம் என்பது பெருக்கம் வேகமாக இருந்து தணியத் தொடங்கும் கட்டம். இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகட்டும் என்று நாலு நாள் விட்டால் எண்ணிக்கை கூடாது, புரதம் குறையும், பாக்டீரியா கூடும். சந்தேகம் வந்தால் டிசிபிஎஸ் அகார் (பாக்டீரியா வளர்த்துப் பார்க்கும் ஊடகம்) தட்டில் ஒரு துளி தடவி வையுங்கள். மறுநாள் மஞ்சளாகவோ பச்சையாகவோ புள்ளிகள் எழுந்தால் விப்ரியோ வகை பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கார்பாய் லார்வாவுக்கு வேண்டாம். வளர்ந்த சிப்பிக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். அதே கூரைக்குள் தாய்ச்சிப்பி இருக்கும்போது நான் அதையும் செய்வதில்லை.

தாய் வித்தைப் பற்றி இரண்டே வார்த்தை. மாதம் ஒரு முறை புதுக் குழாய்க்கு மாற்றி, மங்கிய வெளிச்சத்தில் வையுங்கள். அதற்குக் காற்று விட வேண்டாம். ஒரு ஜோடியை வேறு கட்டடத்தில், முடிந்தால் வேறு ஆளிடம் வையுங்கள். குழாயில் சாய்வாக உறையவைத்த அகாரின் மேல் ஒன்று தனியாக இருக்கட்டும். என் கார்பாய்கள் போனபோது தாய்க் குழாய்கள் தப்பித்ததால்தான் விலை கொடுத்து வித்து வாங்கும் செலவாவது மிஞ்சியது.

அடுத்த முறை முட்டையிட வைப்பதற்கு முன் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். லார்வாவின் கடைசி வாரத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் வேண்டும் என்று கணக்குப் போட்டு, அந்த அளவை ஒரு வாரம் தொடர்ந்து அறுவடை செய்து காட்டிய பிறகே தாய்ச்சிப்பியைத் தொட்டேன். அந்த வாரத்துப் பாசியெல்லாம் தாய்ச்சிப்பிக்கே போனது, வீணாகவில்லை. விற்பனையாளரிடம் கூழ் வாங்க நேர்ந்தால் எந்த நாளில் அறுவடை, மில்லிக்கு எத்தனை செல், பதப்படுத்தும் பொருள் உண்டா, பாட்டிலுக்கும் ஐஸுக்கும் நடுவில் என்ன வைத்து அனுப்புவீர்கள் என்று கேட்கிறேன். கடைசிக் கேள்விக்குச் சிலர் சிரிக்கிறார்கள். அட்டையோ தெர்மாகோல் தகடோ வைத்து அனுப்பச் சொல்லி, பெட்டியைத் திறக்கும்போதே வீடியோ எடுத்துக்கொள்கிறேன்; உறைந்திருந்தால் பணம் திரும்ப வேண்டும் என்று ஆர்டர் போடும்போதே எழுத்தில் வாங்கிவிடுகிறேன்.